நான் வாசிக்காமல் விட்ட இரண்டு பக்கங்கள்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

இந்த ஆண்டு நீங்கள் புதிதாக வாசித்துப் பதிந்த ஒலிநூல்களில் எவற்றைப் பரிந்துரைக்கலாம் என்று தயாரித்த பட்டியல் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நூலிலிருந்தும் பத்து நிமிடம் வெட்டி அனுப்பியிருந்தீர்கள். பத்து நிமிடத்தைக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் முழுதாக வாங்கிக் கேட்டேன். அதற்குத்தான் ஒரு மாதம் ஆகிவிட்டது.

நல்ல பட்டியல். கடற்கரை ஊர்களைப் பற்றிய பயண நூலை வாசித்திருக்கும் பையனுக்கு அவசரமே இல்லை, அவனை விட்டுவிடாதீர்கள். அணை கட்டிய தொழிலாளர்களின் வரலாற்றை முதலில் வையுங்கள். அதைக் கேட்க வேண்டியவர்கள் பட்டியலின் கடைசி வரை வரமாட்டார்கள். குடும்ப நாவலில் மட்டும் ஒரு குறை. மாமியார் பேசும்போதெல்லாம் வாசிப்பவர் மூக்கால் பேசுகிறார். அந்த மாமியார் பக்கமும் நியாயம் உண்டு என்பதை எழுத்தாளர் பாதிக் கதைக்குப் பிறகுதான் காட்டுகிறார். நீங்கள் முதல் அத்தியாயத்திலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டீர்கள்.

இவையெல்லாம் சின்னத் திருத்தங்கள். சர்க்கரை நோய் பற்றிய நூலுக்குக் கீழே ‘கேட்பவர்களின் வசதிக்காகச் சுருக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எதைச் சுருக்கினீர்கள், யார் சுருக்கினார்கள், எதற்காக என்று ஒன்றும் இல்லை. அந்த வரியை மட்டும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை இதை யாருக்கும் எழுதியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரையில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் எங்கள் ஒலிநூலகம் இருந்தது. பார்வை இல்லாதவர்களுக்காக நூல்களைக் கேசட்டில் வாசித்துப் பதிந்து கொடுப்போம். மலையாளக் கேசட்டுகள் திருவனந்தபுரத்திலிருந்தே கிடைத்துவந்தன. பாறசாலை, கொல்லயில், காஞ்சிரங்குளம் பக்கங்களில் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்களுக்குத் தமிழில் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நாங்கள். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தவள் அல்ல. ஆனாலும் வாசித்துக் கொடுப்பவள் என்பதால் எல்லாருக்கும் நான் டீச்சர்.

வாசிப்பதோடு இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. மாதம் ஒருமுறை, புதிதாகப் பதிந்த நூல்களின் பட்டியலைத் தயாரிப்பேன். நாவல், பயணம், சட்டம், உடல்நலம் என்று எல்லா வகையும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் எழுதி, அந்தப் பட்டியலையும் நானே வாசித்து ஒரு கேசட்டாக எல்லா வீட்டுக்கும் அனுப்புவோம். கடைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க முடியாதவர்களுக்கு அந்த மூன்று வாக்கியம்தான் புத்தகக் கடை.

எங்கள் உறுப்பினர்களிலேயே கூர்மையான காது ஆறுமுகம் பிள்ளைக்கு. கொல்லயில்காரர். வயலும் தென்னந்தோப்பும் உள்ள சைவக் குடும்பம். வில்லேஜ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். இளம் வயதிலேயே இருட்டினால் கண் தெரியாமல் ஆகி, பிறகு பகலிலும் பார்வை சுற்றிலுமிருந்து குறுகிக் குறுகி, நாற்பத்தைந்து வயதில் முற்றிலும் போய்விட்டது. மனைவி இறந்துபோனவர். ஒரே மகள் கோமதி. அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு மாதம் ஒருமுறை நேரிலேயே வருவார்.

ஒருமுறை ஒரு துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

“டீச்சரே, கதை கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா கொலை செஞ்சவன் வாயத் தொறந்த ஒடனே எனக்கு ஆளு மனசிலாயிப் போச்சு. அவன் பேசும்போ மட்டும் நீங்க தொண்டையக் கனப்பிச்சுக்கிட்டீங்க. எழுதின ஆளு இருநூறு பக்கம் ஒளிச்சு வச்சதை நீங்க ஒரு மூச்சில காட்டிக் குடுத்திட்டீங்களே!”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எங்களுக்கு உங்க சத்தம் மட்டும்தான் உண்டு. சந்தேகம் வந்தா தாளத் திருப்பிப் பாக்க முடியாதுல்லா. அதுனால நீங்க இடையில வரப்படாது. புஸ்தகம் பேசட்டு.”

கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் கண் நோய்களைப் பற்றிய ஒரு சிறிய தமிழ் நூல் கையில் கிடைத்தது. ஒரு மருத்துவர் பாமரர்களுக்காக எழுதியது. எங்கள் ஆட்களுக்கு இதைவிட வேண்டியது எது என்று நானே எடுத்துப் பதிய உட்கார்ந்தேன். நடுவில் ஒரு அத்தியாயம், ஆறுமுகம் பிள்ளைக்கு வந்த அதே நோயைப் பற்றியது. மாலைக்கண்ணாகத் தொடங்கிப் பார்வை குறுகிப் போவதையெல்லாம் விளக்கிவிட்டு, கடைசி இரண்டு பக்கங்களில் மருத்துவர் நேராகச் சொல்லியிருந்தார். இது பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. இதை நிறுத்தும் மருந்து இன்று இல்லை. இந்த நோய் உள்ள குடும்பத்தில் நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் செய்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடும். அப்படி மணம் செய்ய நினைப்பவர்கள் முன்னதாகவே இரண்டு பேரும் கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு மலைப்பக்கத்து அம்பூரியில் இருக்கும் தங்கம்மையின் நினைவு வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவள். இரண்டு மகன்களுக்கும் பார்வை இல்லை. கேசட் ஓடும்போது அவளும் கூட உட்கார்ந்து கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய புருஷன் அவளுக்குச் சொந்த மாமா. அந்த இரண்டு பக்கங்களை என் குரலில் அவள் கேட்பாள், பெற்ற மக்கள் பக்கத்தில் இருப்பார்கள். “நீதான் காரணம்” என்று நான் அவள் முகத்துக்கு நேரே சொன்னது போல ஆகிவிடாதா? பிறகு ஆறுமுகம் பிள்ளையை நினைத்தேன். மருந்தே இல்லை என்பதை அவர் கேட்டு என்ன ஆகப்போகிறது?

யாரையும் கேட்கவில்லை. ஒரு மூச்சு விட்டேன். இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திருப்பி, அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து தொடர்ந்தேன். அந்த மாதப் பட்டியலில் ‘கண் நோய்களைப் பற்றி எளிய தமிழில் ஒரு முழுமையான நூல்’ என்று சொன்னேன். முழுமையான என்ற சொல் வாயில் வந்தபோது எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. உண்மையைச் சொன்னால், அன்று ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடுதான் வீட்டுக்குப் போனேன்.

ஐந்தாறு மாதம் கழிந்து கோமதி தனியாக வந்தாள். பாறசாலையில் ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், இருபத்திமூன்று வயதிருக்கும். மஞ்சள் தடவிய அழைப்பிதழ் ஒன்றை என் மேசையில் வைத்தாள்.

“அடுத்த மாசம் கல்யாணம், டீச்சர். செண்பகம் அத்தைக்க மகன்தான். களியிக்காவிளை. சின்னதிலேருந்தே பேச்சு உண்டு.”

“அப்பாவுக்குச் சந்தோஷமா?”

“இப்பம் சந்தோஷம்தான். முதல்ல அப்பாதான் சம்மதிக்கல்ல. சொந்தத்துக்குள்ள கெட்டினா பிள்ளையளுக்கும் கண்ணு போயிருமோன்னு பயம். யாரோ சொன்னாவளாம். பிறவு நீங்க வாசிச்ச அந்தக் கண்ணு புஸ்தகம் வந்துதுல்லா? மூணு மட்டம் திரும்பத் திரும்பக் கேட்டாரு. அதுல அப்பிடி ஒண்ணுமே இல்ல. டாக்டரு எழுதின முழுப் புஸ்தகத்திலயும் இல்லன்னா, அது ஆளுவ சும்மா சொல்லுகதாக்கும்னு சொல்லி, அவரே அத்தைக்கு ஆளு விட்டாரு.”

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அழைப்பிதழைக் கையில் எடுத்து, “ரொம்ப சந்தோஷம் மக்கா” என்றேன். அவள் போகும்வரை சிரித்த முகமாக இருந்தேன். பக்கங்களைத் திருப்பியதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது. இந்தச் சிரிப்புக்கு அப்படி ஒரு பேரும் இல்லை. அது பயம்.

எங்கள் நூலகப் பொறுப்பாளர் வயதானவர். ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்த இரண்டு பக்கங்களையும் மெதுவாக வாசித்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். வரும் என்று நிச்சயமில்லையே, வாய்ப்பு என்றுதானே போட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் போய்க் கல்லெறியலாமா. இல்லாவிட்டால் அந்த இரண்டு பக்கத்தையும் புதிதாகப் பதிந்து, திருத்திய பதிப்பு என்று எல்லாருக்கும் தபாலில் அனுப்பிவிடலாமா?

“அந்தத் தபால் கேசட்டைக் கேட்டதுக்குப் பிறவு அவரு யாருட்ட கோவப்படுவாரு? டேப்ரெக்கார்டர்ட்டயா?” என்று கேட்டார் பொறுப்பாளர். “நேரில போங்க. கோவப்பட அந்த மனுஷனுக்கு ஒரு ஆளு வேணும்.”

“நீங்களும் வருவீங்களா சார்?”

“நான் வந்தா அது ஆபீஸ் காரியம் ஆயிரும். நீங்க தனியாப் போங்க. பிறவு ஒரு காரியம். கல்யாணத்த நிறுத்தணும்னு நினைச்சுட்டுப் போகாண்டாம். நடக்கட்டும்னு நினைச்சுட்டும் போகாண்டாம். அது ரெண்டும் உங்க வேல இல்ல. விட்டதை வாசிச்சுக் குடுங்க. அதுதான் உங்க வேல.”

மறுநாள் காலையிலேயே கொல்லயிலுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். முன் அறையில் பிள்ளை நாற்காலியில் இருந்தார். தரையில் பாய் விரித்து, அதில் சேலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அவருடைய அக்கா செண்பகம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா. அவர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாசலில் என் குரலைக் கேட்டதுமே பிள்ளையின் முகம் மலர்ந்தது.

“யாரு, டீச்சரா? கோமதி, டீச்சர் வந்திருக்காவ, காப்பி போடு மக்கா.”

“உங்ககிட்ட ஒரு காரியம் பேசணும்” என்றேன். “தனியா.”

“கல்யாண வீட்டில தனியா என்ன பேச்சு?” என்று செண்பகம் அம்மாள் சிரித்தார். “சும்மா சொல்லுங்கோ.”

இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்து போயிருக்கலாம். பிள்ளையை மட்டும் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். ஆனால் யார் எதைக் கேட்கலாம் என்று நான் தீர்மானித்ததால்தானே இவ்வளவும்? கேட்க வேண்டியவர்களில் முதல் ஆள் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

“கோமதியும் வரட்டும்” என்றேன். அவள் வந்து கதவில் சாய்ந்து நின்ற பிறகு சொன்னேன். “அந்தக் கண் புஸ்தகத்தில ரெண்டு பக்கத்தை நான் வாசிக்காம விட்டுட்டேன். தெரியாம இல்ல. வேணும்னேதான் விட்டேன். அதை இப்பம் வாசிக்கட்டுமா?”

பிள்ளை தலையை லேசாக என் பக்கம் சாய்த்தார். கேட்கத் தயாராகும்போது அவர் அப்படித்தான் செய்வார். நான் வாசித்தேன். எத்தனையோ நூல்களை வாசித்திருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தைப் போல எதுவும் நீண்டதில்லை. ‘மருந்து இல்லை’ என்ற இடத்தில் குரல் தாழப் பார்த்தது. தாழவிடவில்லை. ‘நெருங்கிய சொந்தம்’ என்ற இடத்தில் வேகமாகத் தாண்டப் பார்த்தது. அதையும் விடவில்லை.

முடித்ததும் முதலில் பேசியவர் பிள்ளைதான். குரலில் கோபமே இல்லை.

“அந்த எடத்தில ஒரு மூச்சு கேட்டுது. மூணு மட்டமும் கேட்டுது. தாளு ஒட்டிப் பிடிச்சிருக்கும், டீச்சர் பிரிச்செடுக்குதாவன்னு நினைச்சேன்.”

எனக்காக ஒரு சமாதானத்தை அவரே தேடி வைத்திருந்தார். அதைக் கேட்டபோதுதான் என் கண் நிறைந்தது.

செண்பகம் அம்மாள் எழுந்துவிட்டார். “கல்யாணத்துக்கு மூணு ஆழ்ச்ச கூட இல்ல. இப்பம் வந்து என்னத்துக்கு இதை வாசிக்கணும்? எனக்க மகனுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. குடும்பத்தைக் கலைக்க வந்தியளா?”

“அக்கா, கொஞ்சம் இரி” என்றார் பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பினார். “எனக்க கண்ணைப் பத்தி எனக்குச் சொல்லாண்டாம்னு தீர்மானிக்க நீங்க யாரு? கண்ணு இல்லாம நான் சீவிக்கல்லியா? எனக்க பேரப்பிள்ளைக்குக் கண்ணு இல்லன்னாலும் நான் மடியில வச்சு வளப்பேன். அதில்ல காரியம். தெரிஞ்சு செய்யதும் தெரியாம செய்யதும் ஒண்ணாகுமா? நான் ஒருத்தர்ட்டயும் கேக்காம உங்க சத்தத்த நம்பி எனக்க மகளக் குடுக்கப் போனேன்.”

நான் தலை குனிந்து நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

கோமதி அருகே வந்து புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள். தானே அந்தப் பக்கங்களை ஒருமுறை வாசித்தாள்.

“வரும்னு இல்ல. வர வாய்ப்பு கூடும்னுதான் இருக்கு, இல்லியா டீச்சர்?”

“ஆமா.”

“நீங்க என்ன சொல்லுதீங்க? நான் அத்தானைக் கெட்டவா, வேண்டாமா?”

பிள்ளைகளே, இந்தக் கேள்வியை உங்களிடமும் யாராவது கேட்பார்கள். புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் உண்டு. என் நாக்கின் நுனியில் ஒரு பதில் இருந்தது. செய்த பிழையைச் சரிக்கட்ட அவளை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற தவிப்பு அது. அதைச் சொல்லியிருந்தால் இரண்டாம் முறையும் அவளுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நான் வந்து நின்றிருப்பேன்.

“அது எனக்குத் தெரியாது மக்கா. எனக்குத் தெரிஞ்சது இதில எழுதியிருக்கறது மட்டும்தான். டாக்டர்ட்ட போய்க் கேக்கலாம். நீ போறதுன்னா நானும் வாறேன்.”

நான்கு நாள் கழித்து நானும் கோமதியும் திருவனந்தபுரத்தில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். செண்பகம் அம்மாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய மகன் மணியன் அம்மாவிடம் சொல்லாமலே வந்திருந்தான். அம்பூரி, வெள்ளறடைப் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவன். எங்கே போனாலும் மோட்டார் சைக்கிள்தான். அன்று பஸ்ஸில் வந்திருந்தான். நல்ல உயரம், அமைதியான பையன். என்னைக் கண்டதும் கோபிப்பான் என்று நினைத்தேன். கும்பிட்டான்.

முதலில் கோமதியைப் பார்த்தார்கள். சீக்கிரம் வந்துவிட்டாள். மணியனை உள்ளே வைத்துக்கொண்டார்கள். கண்ணில் மருந்து விட்டார்கள், இன்னொரு அறைக்குக் கூட்டிப்போனார்கள், திரும்பவும் மருந்து விட்டார்கள். நேரம் ஆக ஆக எனக்கு விஷயம் பிடிபட்டது. கோமதி மடியில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டுப் பேசினார் மருத்துவர். நான் வெளியே இருந்தேன்.

வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மருந்து விட்ட கண்ணை வெயில் கூசாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தான் மணியன். நோய் அவனுக்கும் தொடங்கியிருந்தது.

“இருட்டினா தெரியாதது எத்தன நாளா?” என்று கோமதி கேட்டாள்.

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“அம்பூரிலேருந்து சந்தி இருட்டின பிறவும் வண்டியில வருவியளே அத்தான்?”

“முன்னால ஒரு பஸ் வரும்வரை நிப்பேன். பிறவு அதுக்க பின்னால உள்ள செவப்பு லைட்டைப் பிடிச்சு வருவேன்.”

கோமதி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ வெசனப்படுவன்னுதான்...”

அவன் முடிக்கவில்லை. என்னுடைய காரணமும் அதேதான். சொல்லுக்குச் சொல் அதேதான். அவன் வாயில் கேட்டபோது அது எவ்வளவு மெலிவாக இருந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்!

மருத்துவர் அவர்களிடம் கல்யாணம் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. உள்ளதை எல்லாம் விளக்கி, யோசித்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். ஒரு வாரம் யோசித்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்தவள் கோமதி. ஆனால் மணியன் ஊரில் வேறு மாதிரி சொன்னான். ‘எனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை, நான்தான் மாட்டேன் என்றேன்’ என்று அம்மாவின் முன்னால் நின்று சொல்லி, அடியும் ஏச்சும் அவனே வாங்கிக்கொண்டான். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் உள்ள அக்கா தம்பி உறவு முறியக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தான் என்று கோமதி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கே மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, களியிக்காவிளையிலேயே ஷீட் வாங்கும் கடை ஒன்று வைத்தான். செண்பகம் அம்மாள் என்னை மன்னிக்கவே இல்லை. சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு வருடம் கழித்துக் கோமதிக்குக் காஞ்சிரங்குளத்தில் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எனக்கு அழைப்பு வரவில்லை. அது நியாயம்தான்.

நான் நல்லது செய்தேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் அவர்கள் சந்தோஷமாகவும் வாழ்ந்திருக்கலாம். ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் இருந்தது. அந்தப் பெஞ்சில் நான் அதைப் பார்த்தேன். தெரிந்துகொண்ட பிறகு அவர்களே முடிவெடுத்தார்கள் என்பது மட்டும்தான் நான் சொல்லக்கூடியது.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மாதப் பட்டியல் கேசட்டில் புது நூல் ஒன்றும் சொல்லவில்லை. முழுமையான நூல் என்று நான் சொன்னது பொய், இரண்டு பக்கங்களை நானாக விட்டுவிட்டேன், அவை இவை என்று சொல்லி வாசித்தேன். பொறுப்பாளர் கேட்டுவிட்டு, வேறொன்றும் சொல்லாமல், கட்டி அனுப்பச் சொன்னார்.

அந்தக் கேசட் போன பத்தாம் நாள் அம்பூரியிலிருந்து தங்கம்மை இறங்கி வந்தாள். வேலைக்குப் போகும் சேலையோடு வந்திருந்தாள், ரப்பர் பால் மணத்தது. எழுந்து நின்றேன். எதற்கும் தயாராக இருந்தேன்.

“டீச்சரே, எனக்காக வேண்டியா அதை வாசிக்காம விட்டீங்க?”

ஆம் என்றேன்.

“எனக்க மூத்தவனுக்கு நாலு வயசு இருக்கும்போ ஆஸ்பத்திரியில சொன்னதாக்கும் இது. எனக்க மக்களுக்கும் தெரியும். நானே சொல்லிக் குடுத்திருக்கேன், நாளைக்கு அவனுவ கெட்டும்போ அறிஞ்சு கெட்டணும்லா.” என்னைப் பார்த்துக் கொஞ்சம் பாவப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். “நீங்க எங்கிட்ட கேட்டிருக்கலாம்.”

யாருடைய மனம் உடைந்துவிடும் என்று நான் அந்தப் பக்கங்களைத் திருப்பினேனோ, அவளுக்கு அவை மனப்பாடம்.

சுருக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நீளமான நூல்கள் வரும், கேட்க நேரமில்லாத ஆட்கள் வருவார்கள், சுருக்கத்தான் வேண்டிவரும். ஆனால் எதை விட்டீர்கள் என்பதை முதல் நிமிடத்திலேயே உங்கள் வாயால் சொல்லுங்கள். விட்டதைக் கேட்க வேண்டும் என்பவருக்கு அதைக் கொடுக்க ஒரு வழி வையுங்கள். கேட்பவர் தாங்கமாட்டார் என்று உங்களுக்குத் தோன்றினால், தோன்றிய அந்த இடத்தில் நிறுத்தி, தாங்காதது அவரா நீங்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறுமுகம் பிள்ளை தன்னிடமிருந்த கேசட்டுகளை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். கூட ஒரு வரி இல்லை. பல மாதங்கள் அவர் பேரில் ஒன்றும் போகவில்லை. இந்த வீட்டுக்கு இனி அனுப்பலாமா என்று ஒவ்வொரு மாதமும் பொறுப்பாளரிடம் கேட்பேன். அவர் கேட்டால் அனுப்பலாம் என்பார்.

ஏறக்குறைய ஒரு வருடம் ஆனபோது கோமதி வந்தாள். மேசைக்கு எதிரில் உட்காரவில்லை.

“அப்பா புது லிஸ்ட் கேட்டாரு.”

அந்த மாதத்துப் பட்டியல் கேசட்டை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

“டீச்சர், தப்பா எடுக்காண்டாம். இது நீங்க வாசிச்சதுதான? வேற ஆளு வாசிச்சது உண்டா?”

“லிஸ்ட் நான்தான் வாசிக்கறது.”

“செரி. அப்பம் லிஸ்ட் வேண்டாம். புஸ்தகம் நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க. எனக்கு என்னெல்லாம் பிடிக்கும்னு டீச்சருக்குத் தெரியும்னாரு. ஆனா டீச்சர் வாசிச்சது மட்டும் வேண்டாம்னாரு.”

நான் அலமாரியின் முன்னால் வெகுநேரம் நின்றேன். எல்லாத் தட்டிலும் என் குரல்தான் அதிகம் இருந்தது. அவற்றை ஒதுக்கி ஒதுக்கி, ஒரு கடல் பயணம், யானை வைத்தியத்தைப் பற்றி ஒன்று, நான்கு தலைமுறைக் கதை சொல்லும் ஒரு பெரிய நாவல் என்று மூன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதம் கோமதி அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நாவல் நன்றாக இருந்தது, அப்படி இன்னொன்று வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

அவர் பிறகு எட்டு வருடம் இருந்தார். கடைசி மாதம் வரை அவருக்கான நூல்களை நானே தேர்ந்தெடுத்தேன். சிலவற்றை அவருக்காகவென்றே வேறு ஆட்களை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். அவர்கள் வாசிக்கும்போது பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு சொல்லும் விட்டுப்போகாமல்.